என் வலக் கன்னமும் ஒரு ட்ரங்க் காலும்

என் வலப்பக்கக் கடைவாயில் நான்கு பற்கள் கிடையாது. நான்கும் நல்ல பற்கள். பிடுங்கிய டாக்டர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். பிடுங்குங்கள், பிடுங்குங்கள் என்று அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சியவள் நான்தான்.

போன மாதம் ஓய்வூதியர் கூட்டத்தில், இப்போது வேலையில் இருக்கும் இரண்டு பெண்கள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். "ஏனுங்கம்மா, அந்தக் காலத்துல ஊருல எந்த ஃபோன் பேசினாலும் உங்க கை வழியாத்தான் போகுமாமா? கை வலிக்காதுங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். கைக்கு ஒன்றும் இல்லை கண்ணு, கன்னத்துக்குத்தான் கஷ்டம் என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளில் நான் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கடலைக்காடும் நாலு மாடும் வைத்திருந்த குடும்பத்திலிருந்து பத்தாம் வகுப்பு முடித்து, பாலக்காட்டில் சில மாதம் பயிற்சி பெற்று, அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பயிற்சியில் கற்றதை ஒரு வரியில் சொல்லலாம்: வாயைத் திறந்தால் இலாகா எழுதிக் கொடுத்த வாசகம் மட்டுமே வர வேண்டும்.

எங்கள் போர்டு ஓர் அலமாரி உயரம் இருக்கும். ஒவ்வொரு சந்தாதாரருக்கும் அதில் ஒரு துளை, துளைக்கு மேல் ஒரு சின்னப் பித்தளை மூடி. அவர் வீட்டில் ஃபோனின் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே மூடி 'டப்' என்று விழும். அந்தத் துளையில் ஓர் ஒயர்க் கயிற்றின் முனையைச் செருகி, சாவி என்று நாங்கள் சொல்லும் சுவிட்சைத் தள்ளி, "நம்பர் ப்ளீஸ்" என்பேன். கேட்ட நம்பரின் துளையில் மறு முனையைச் செருகி மணி அடித்தால் வேலை முடிந்தது. பொள்ளாச்சி, கோயமுத்தூர் என்று வெளியூருக்குப் பேச வேண்டுமானால் ட்ரங்க் கால். அதற்கு முன்பதிவு, சீட்டு, காத்திருப்பு எல்லாம் உண்டு. பேசத் தொடங்கியதும் மணி பார்த்து, "மூணு நிமிஷம் ஆச்சுங்க, நீட்டிக்கட்டுங்களா?" என்று குறுக்கே கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு நூறு தடவைக்கு மேல் அந்த வாயைத் திறந்து மூடினேன்.

வலி வந்தது ஒரு காலையில், தொட்டித் தண்ணீரில் முகம் கழுவும்போது. வலக் கன்னத்துக்குள் யாரோ கரண்டுக் கம்பியை விட்டு இழுத்த மாதிரி இருந்தது. பத்துப் பதினைந்து எண்ணுவதற்குள் போய்விட்டது. போன பிறகு ஒன்றுமே இல்லை, கனவு கண்ட மாதிரி. சாயங்காலம் மறுபடி வந்தது. பிறகு நாளுக்கு ஐந்து, பத்து, கணக்கில்லை. பல் தேய்த்தால் வரும், சோற்றை மென்றால் வரும். எங்கள் ஊர்க் காற்றுதான் தெரியுமே, ஆடி மாதம் மலையிடைவெளி வழியாக ஆளைத் தள்ளிக்கொண்டு போகும். அந்தக் காற்று கன்னத்தில் பட்டாலே வந்துவிடும். முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பேன். எல்லாவற்றையும்விடப் பேசினால் வரும். என் பிழைப்போ பேச்சு.

பேச்சை மிச்சம் பிடிக்கத் தொடங்கினேன். வீட்டில் பேசாமல் இருந்தால் டியூட்டியில் கொஞ்சம் சமாளிக்கலாம் என்று எனக்கு நானே ஒரு கணக்கு. என் வீட்டுக்காரர் ராசுவிடம் சைகைதான். வேணும் என்றால் ஒரு விரல், வேண்டாம் என்றால் இரண்டு.

பல்லுதான் காரணம் என்று முதலில் நானே தீர்ப்பு எழுதினேன். பல் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, "பல்லில் குறை ஒன்றும் இல்லையே" என்றார். நான் விடவில்லை. ஒன்றைப் பிடுங்கினார். வலி நின்றது, நான்கு நாள். அடுத்தது பக்கத்துப் பல்லாக இருக்கும் என்றேன். இப்படியே நான்கு. ஐந்தாவதற்குப் போனபோது அவர் கதவருகிலேயே நின்று கைகூப்பி, "அம்மா, வேற யாரையாவது பாருங்க" என்றார். நல்ல மனிதர்.

அடுத்து பாலக்காட்டில் காது மூக்கு டாக்டர். இருட்டறையில் உட்காரவைத்து, வாய்க்குள் ஒரு சின்ன விளக்கை வைத்து உதட்டை மூடச் சொன்னார். கன்னத்துக்குள் சளி கட்டியிருந்தால் வெளிச்சம் வெளியே தெரியாதாம். என் இரண்டு கன்னமும் சிவப்பாக எரிந்தன என்று ராசு பிறகு சொன்னார். "கார்த்திகைத் தீபமாட்ட இருந்துச்சு. ஊட்டுல கரண்டு போனா உன்னையே உக்கார வெச்சுக்கலாம்" என்றார். சிரித்தேன். சிரித்ததற்கு வலி வந்தது.

பிறகு எக்ஸ்ரே. மூக்கும் தாடையும் படும்படி தட்டின் மேல் முகத்தை அழுத்தி, வாயைத் திறந்தபடி அசையாமல் நிற்க வேண்டும். தட்டு ஐஸ்கட்டி மாதிரி. கன்னம் பட்டவுடன் துள்ளிவிட்டேன். படம் எடுப்பவர் மலையாளி. "அனங்கருது, அனங்கருது" என்று கத்தினார். அசையக் கூடாது என்கிறார். எனக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியவில்லையே! இரண்டு படம் வீணாகிவிட்டது. மூன்றாவதற்கு அவர் தட்டைத் தன் தோள் துண்டில் சுற்றி வெயிலில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து வந்தார். வெதுவெதுப்பாக இருந்தது. அசையாமல் நின்றேன். படம் நன்றாக விழுந்தது. அதில் ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை, எல்லாம் நார்மல். அந்த இரண்டு வருடத்தில் நான் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான். ரத்தம் நார்மல், கண் நார்மல், மூக்கு நார்மல். ஒரு டாக்டர், "உங்களுக்கு வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா?" என்று ராசுவைப் பார்த்துக்கொண்டே கேட்டார். வெளியே வந்ததும் ராசு, "நாந்தான் அந்த மனக்கஷ்டம்னு நெனச்சுப்புட்டாரு போல" என்றார். படத்தில் தெரியாத வலியை யாரிடம் காட்டி நிரூபிப்பது?

இப்போது சுப்பராமன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மேற்பார்வையாளர். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனக் கீற்று, பையில் கூராகச் சீவிய மூன்று பென்சில். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தப்புச் செய்தால் திட்ட மாட்டார். பின்னால் வந்து நிற்பார், அவ்வளவுதான். அவர் நிற்பது முதுகுக்குத் தெரியும். பிறகு ஒரு காகிதம் மேசைக்கு வரும்: 'விளக்கம் தரவும்.' எழுத்தில் கேள்வி, எழுத்தில் பதில். சந்தாதாரரிடம் எழுதிக் கொடுத்த வாசகத்துக்கு மேல் ஒரு சொல் பேசினால் காகிதம் உறுதி. "சுகமா இருக்கீங்களா" என்று பஞ்சாயத்துத் தலைவரிடம் கேட்டதற்கு எனக்கு ஒரு தடவை காகிதம் வந்திருக்கிறது.

என் வலியை அவரிடம் சொல்லவில்லை. போர்டில் பேச முடியாதவளுக்குப் போர்டில் என்ன வேலை? ஆனால் சந்தாதாரர்கள் சொன்னார்கள். "ஆபரேட்டர் பாதியில் பேச்சை நிறுத்திவிடுகிறார், கேட்டால் பதிலில்லை" என்று இரண்டு புகார் வந்திருந்தது. மூன்றாவது வந்தால் சாந்தன்பாறைக்கு மாற்றல் என்று அலுவலகத்தில் பேச்சு. ஏலக்காய் மலை, சின்ன எக்ஸ்சேஞ்ச், வேலை குறைவு. எனக்கு நல்லது செய்வதாகவே பெரிய ஆபீசில் நினைத்திருக்கலாம். ஆனால் அங்கே வருஷம் முழுக்கப் பனியும் சாரலும். இங்கே ஆடிக் காற்றுக்கே முகத்தை மூடுகிறவள் அங்கே என்ன செய்வேன்? ராசு காட்டையும் மாட்டையும் விட்டு எப்படி வருவார்?

மீனாட்சிபுரம் போகும் வழியில் ஒரு தென்னந்தோப்பு. அதன் சொந்தக்காரர் கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர். எங்களுக்கு அவர் 'தோப்பு டாக்டர்'. சனி, ஞாயிறு தோப்புக்கு வந்துவிடுவார். வந்தால் காலையும் மாலையும் ஆஸ்பத்திரிக்கு ட்ரங்க் கால் போட்டு நோயாளிகளைப் பற்றி விசாரிப்பார். எந்த வியாதிக்கு டாக்டர் என்று எனக்குத் தெரியாது. பேசுவதைக் கேட்கக் கூடாது என்பது விதி. நான் கேட்டதும் இல்லை.

ஒரு சனிக்கிழமை. அவருடைய கால் கிடைத்து, பேசி, நேரம் முடிந்தது. சாவியைத் தள்ளி, "மூணு நிமிஷம் ஆச்சுங்..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். முடிந்ததும் "நீட்டிக்கட்டுங்களா?" என்றேன்.

டாக்டர் ஆஸ்பத்திரிக்காரரிடம் பேச்சை முடித்துக்கொண்டார். பிறகு, "வேண்டாமுங்க. ஏனுங்கம்மா, எந்தப் பக்கமுங்க?" என்றார்.

"எதுங்க?"

"வலி. வலது பக்கமா, எடது பக்கமா? மூணு வாரமாக் கேட்டுட்டுத்தான் இருக்கறேன். நீங்க பாதியில நிக்கறதும், கொஞ்ச நேரத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடி பேசறதும்."

இரண்டு வருடத்தில் நான் சொல்லாமலே என் வலியைக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான். "வலது பக்கமுங்க" என்றேன். அப்போது என் முதுகுக்குத் தெரிந்தது, சுப்பராமன் சார் பின்னால் நிற்கிறார். கயிற்றை உருவிவிட்டேன்.

காகிதம் வந்தது. 'சந்தாதாரருடன் சொந்தப் பேச்சு. விளக்கம் தரவும்.'

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுதினேன். இரண்டு வருட வலி, நான்கு பல், வாய்க்குள் விளக்கு, வெயிலில் காய்ந்த எக்ஸ்ரே தட்டு, எல்லாம் நார்மல் என்பது வரை. மூன்று பக்கம் வந்தது. பேசாதவள் எழுதினால் அப்படித்தான். திங்கட்கிழமை அவர் மேசையில் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். திருப்பி முதலிலிருந்து படித்தார். மடித்து வைத்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"தெய்வானை, அந்த ஹெட்செட்டைக் கழட்டு."

கழற்றினேன்.

"கோயமுத்தூருக்கு ஒரு பி.பி. கால் புக் பண்ணியிருக்கேன், என் பேர்லயாக்கும்" என்றார். பி.பி. கால் என்றால் ஒரு குறிப்பிட்ட ஆளையே தேடிப் பிடித்துத் தரும் கால். "அந்த டாக்டரை. பேசப் போறது நீ. டியூட்டியில இருக்கற ஆபரேட்டர் சந்தாதாரர்கிட்ட பேசப்படாது, கேட்டியா? ஆனா பப்ளிக் பேசலாம். உனக்குப் பத்து நிமிஷம் ரிலீஃப். முன்னால கூண்டுக்குள்ள போய் நில்லு. அங்கே நீ பப்ளிக்."

எங்கள் எக்ஸ்சேஞ்ச் இருந்த போஸ்ட் ஆபீஸ் முகப்பில் பொதுமக்கள் பேசும் மரக்கூண்டு இருந்தது. அதற்குள் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சுப்பராமன் சார் என் நாற்காலியில் உட்கார்ந்து, சந்தனம் கலையாமல் ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டிருந்தார். எத்தனை வருடத்துக்குப் பிறகோ. மணி அடித்தது.

தோப்பு டாக்டர் வரிசையாகக் கேட்டார். முகம் கழுவினால் வருமா? வருமுங்க. காற்றுப் பட்டால்? வருமுங்க. வந்தால் எத்தனை நேரம்? நடுவில் வலி மிச்சம் இருக்குமா, சுத்தமாகப் போய்விடுமா? தூக்கத்தில் எழுப்புமா? அப்போது ஒன்று வந்துவிட்டது. ரிசீவரைக் கன்னத்திலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாராக இருந்தாலும் "ஹலோ, ஹலோ" என்று கத்துவார்கள். அவர் கத்தவில்லை. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. முடிந்து "ஹலோ" என்றேன்.

"பதினாலு எண்ணினேனுங்க" என்றார். "இது பல்லு இல்லீங்க, மனசும் இல்லீங்க. மூஞ்சிக்கு வர்ற நரம்பு. வியாழக்கெழம வாங்க, பாத்துடலாம்."

எத்தனை மணிக்கு, எங்கே வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நடுவில் சுப்பராமன் சார் குரல் வந்தது, இலாகா வாசகம் பிசகாமல். "மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிக்கட்டுமா?" டாக்டர் "நீட்டுங்க" என்றார். சார் ஒரு கணம் நிறுத்தி, "வேண்டிய மட்டும் பேசுங்கோ" என்றார். அந்த வாசகம் எந்த விதிப்புத்தகத்திலும் கிடையாது.

வியாழக்கிழமை ராசுவும் நானும் பொள்ளாச்சி போய் பஸ் மாறி கோயமுத்தூர் போனோம். டாக்டர் முதலில் என் கன்னத்தைத் தொடவே இல்லை. "எங்க வலிக்குதுன்னு காட்டுங்க" என்றார். ஒரு விரலைக் கொண்டுபோய், உதட்டோரத்துக்கு அரை அங்குலம் தள்ளியே நிறுத்திக் காட்டினேன். சிரித்துவிட்டார். "தொடாமக் காட்டறீங்க பாருங்க, அதுதான் எனக்கு வேணுமுங்க" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்தார். பஞ்சைத் திரி மாதிரித் திரித்து நெற்றி, கன்னம், தாடை என்று இரண்டு பக்கமும் மாறி மாறித் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு, பட்டதும் சொல்ல வேண்டும். குண்டூசியின் முனையா தலையா என்று கேட்டார். பல்லைக் கடிக்கச் சொல்லிப் பொட்டில் விரல் வைத்துப் பார்த்தார். பஞ்சு நூலால் கண்ணின் ஓரத்தைத் தொட்டு இமைக்கிறதா என்று பார்த்தார். ஒவ்வொன்றையும் செய்யும் முன் என்ன செய்யப் போகிறேன் என்று சொன்னார். என் வயதுக்கு இந்த வலி வருவது குறைவாம். அதனால் மண்டை ஓட்டுக்கு எக்ஸ்ரேயும், முதுகுத்தண்டு நீரும் பார்க்க வேண்டும் என்றார்.

முதுகில் ஊசி என்றதும் எனக்கு முன்னால் ராசுவுக்கு வியர்த்தது. ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, தலையைக் குனிந்து சுருண்டுகொள்ள வேண்டும். எலும்புகளுக்கு நடுவே ஊசி போனது ஓர் அழுத்தமாகத்தான் தெரிந்தது. சொட்டுச் சொட்டாகக் குழாயில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார் டாக்டர். "பாருங்க, கெணத்துத் தண்ணியாட்டத் தெளிவா இருக்குது." ஒரு நாள் முழுக்கத் தலையணை இல்லாமல் மல்லாந்து கிடந்தேன். தலையைத் தூக்கினால் தலைவலி வரும் என்று நர்ஸ் எச்சரித்திருந்தாள். ராசு பக்கத்தில் உட்கார்ந்து, நான் தூக்கிவிடாமல் காவல் காத்தார்.

மூன்றாம் நாள் டாக்டர் காகிதங்களோடு வந்தார். "எல்லாம் நார்மலுங்க" என்றார்.

நான் அழ ஆரம்பித்தேன். அந்த வார்த்தையை இங்கேயும் கேட்க வேண்டுமா என்று.

அவர் பதறிப்போனார். "அம்மா, அம்மா, நார்மல்னா வலி இல்லைன்னு அர்த்தம் இல்லீங்க. கட்டி இல்ல, வேற கெட்ட நோவு இல்லைன்னு அர்த்தம். வலி இருக்குது, அது எனக்குத் தெரியும். இந்த நரம்பு வலி எந்தப் படத்துலயும் விழாதுங்க. நீங்க சொல்றதக் கேட்டாத்தான் தெரியும்" என்றார். அதே வார்த்தைதான். சொல்கிறவரைப் பொறுத்து அதற்கு அர்த்தம் இவ்வளவு மாறும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். காக்காய் வலிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை என்று மருந்துக்கடையில் சொன்னதும் ராசு திரும்பி டாக்டரிடம் ஓடினார். "ஏனுங்க, இவளுக்கு வலிதானுங்க, வலிப்பு இல்லீங்களே?" இரண்டுக்கும் அதுவே கேட்கும் என்று அனுப்பிவைத்தார். அரை மாத்திரையில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். தலை சுற்றும், தூக்கம் வரும், ரத்தத்தை அவ்வப்போது சோதிக்க வேண்டும் என்றார்.

தலை சுற்றியது உண்மைதான். டியூட்டிக்குத் திரும்பிய முதல் நாளே மாட்டு டாக்டர் ஒரு மாட்டுப் பண்ணையைக் கேட்க, நான் ஒரு துளை தள்ளிச் செருகி ஒரு கல்யாண வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். மாட்டு டாக்டர், "தீனி நல்லா எடுக்குதுங்களா?" என்று கேட்டிருக்கிறார். பெண்ணின் அப்பா, "எங்க பொண்ணுங்களா? வஞ்சகமில்லாமச் சாப்புடுமுங்க" என்றிருக்கிறார். "எத்தன லிட்டர் கறக்குது?" என்று கேட்ட பிறகுதான் சண்டை. சுப்பராமன் சாரிடமிருந்து காகிதம் வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். படிக்கும்போது அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று அவராகக் கேட்கவில்லை. அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கூடாதல்லவா. நானே சொன்னேன். "நன்னாச்சு" என்று மட்டும் சொல்லி, பென்சிலைச் சீவப் போனார். சாந்தன்பாறைப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

வலி என்னை விட்டுப் போய்விடவில்லை. சில வருடம் அடங்கிக் கிடக்கும், ஒரு நாள் திடீரென்று கதவைத் தட்டும். மாத்திரை ஏறும், இறங்கும். ரத்தம் கொடுத்துக் கொடுத்து, எந்தக் கையில் எந்த நரம்பு நல்லது என்று ஊசி போடும் பெண்களுக்கு நானே சொல்லித் தருவேன். எக்ஸ்சேஞ்ச் தானியங்கி ஆனபோது போர்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். என்னைப் புகார்ப் பிரிவில் உட்கார வைத்தார்கள். அங்கேயும் பேச்சுதான். ஓய்வு பெறும் நாள் வரை பேசினேன்.

ஆனால் இத்தனை வருட வேலையில் எனக்கு நன்றாக நினைவிருப்பது, மாத்திரை முழு அளவுக்கு வந்த நாலாம் நாள் காலை. தொட்டியில் முகம் கழுவினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி தண்ணீரை அள்ளி அடித்தேன், வேண்டுமென்றே. ஒன்றும் இல்லை. மாட்டுக் கொட்டகையில் ராசு கறந்துகொண்டிருந்தார். நான் போய்த் தூணில் சாய்ந்து நின்று பேச ஆரம்பித்தேன். பல் டாக்டரைப் பற்றி, எக்ஸ்ரேக்காரர் துண்டைப் பற்றி, கூண்டுக்குள் நின்றதைப் பற்றி, நாலு மாதம் முன்னால் அவர் வாங்கி வந்த புடவையின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதைப் பற்றி. இரண்டு வருடம் விரலால் சொன்னதையெல்லாம் வாயால் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நடுவே பார்த்தால் சொம்பில் பால் விழும் சத்தம் நின்றிருந்தது. ராசு மாட்டின் வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சுங்க?" என்று கேட்டேன்.

அவர் முகத்தைத் திருப்பவில்லை. "ஒண்ணுமில்ல" என்றார். "நீ நிறுத்தாத. பேசு."